ஆறு சலித்த மண்

சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் பட்டறைகளில், மெழுகில் செய்து முடித்த உருவத்தின்மேல் முதலில் பூசுவது காவிரிக்கரை வண்டல். நன்றாக அரைத்துக் குழைத்துப் பூசினால் நகக்கண், மாலையின் மணி, ஆடையின் மடிப்பு எதையும் விடாமல் போய் ஒட்டிக்கொள்ளும். அது காய்ந்த பிறகு, வயலில் எடுத்த களிமண்ணில் மணல் கலந்து இரண்டாம் பூச்சு. அதற்கும் மேலே பருமணலும் களியும் சேர்ந்த மூன்றாம் பூச்சு. பூச்சுக்கு ஒரு மண். எல்லாம் அந்த ஊரைச் சுற்றியே கிடைப்பவை, ஒரே ஆறு கொண்டுவந்து போட்டவை.

ஸ்தபதிகள் விரலால் அறிந்த இந்த வேறுபாட்டை உழவர்கள் பயிரால் அறிந்தார்கள். ஆற்றை ஒட்டிய படுகையில் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு, தென்னை. அங்கிருந்து சற்றுத் தள்ளி நிலம் தாழும் இடத்தில் நெல். பள்ளிக்கூட வரைபடத்தில் காவிரி டெல்டா முழுவதும் வண்டல் மண் என்று ஒரே நிறத்தில் தீட்டியிருக்கும். நேரில் போனால் இரண்டு வயல் தாண்டுவதற்குள் மண் மாறிவிடுகிறது. மணலும் களியும் அவற்றுக்கு இடைப்பட்ட நுண்வண்டலும் அளவாகக் கலந்த படுகை மண்ணைத் தமிழ்நாட்டு உழவர்கள் இருமண்பாடு என்பார்கள்; இலங்கைத் தமிழர் இருவாட்டி மண் என்பார்கள். உலகின் பழைய உழவு நாகரிகங்கள் பலவும் வேரூன்றிய மண் இது. இது உண்டாகும் விதத்திலேயே இதன் நிறைகுறைகள் அத்தனையும் அடங்கியிருக்கின்றன.

மண் துகள்களை அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அளவுகோலில் 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை மணல், 0.05 முதல் 0.002 வரை நுண்வண்டல்; அதற்கும் சிறியது களி. நீரில் அமிழும் துகளின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதை 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். அதன்படி 0.05 மில்லிமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க முக்கால் நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் துகளுக்கோ ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். கையளவு படுகை மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, முக்கால்வாசி நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வைத்தால் இதை யாரும் பார்க்கலாம். மணல் கண்ணெதிரே அடியில் தங்கும். நுண்வண்டல் அதன்மேல் மெல்லப் படியும். மறுநாள் காலையிலும் நீரைக் கலங்கலாக வைத்திருப்பது களி.

ஆறு செய்வதும் இதுவே. கரைக்குள் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும் வெள்ளம், கரை புரண்டு நாணலும் மரமும் நிற்கும் தரையில் பரவியதும் ஆழம் குறைந்து வேகம் இழக்கிறது. பருத்த துகள்கள் கரையோரத்திலேயே விழுந்துவிடுகின்றன. நுண்வண்டல் சிறிது தூரம் போய்ப் படிகிறது. களியை மட்டும் சுமந்துகொண்டு நீர் தாழ்ந்த பின்னிலத்துக்குப் போய், அங்கே நாள்கணக்கில் தேங்கி, ஆற அமர அதை இறக்குகிறது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படிச் சலித்துச் சலித்துப் போட்டதில் ஆற்றின் இருமருங்கும் மேடாகின்றன. பின்னிலம் பள்ளமாகவே நிற்கிறது. மேட்டில் மணல் கலந்த இருவாட்டி, சரிவில் நுண்வண்டல் மிகுந்த இருவாட்டி, பள்ளத்தில் கனத்த களி என்ற வரிசை வெள்ளச் சமவெளி ஆறுகளில் திரும்பத் திரும்பக் காணக்கூடியது.

டெல்டாவில் காவிரியும் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு முதலான கிளைகளும் சுற்றியுள்ள வயல்களைவிட உயர்ந்த முதுகுகளின்மேல் ஓடுவது இதனால்தான். கரையில் ஒரு மதகைத் திறந்தால் நீர் தானாகவே இறங்கி வயலுக்குப் போகிறது. ஏற்றமோ இறைவையோ இல்லாமல் லட்சக்கணக்கான ஏக்கர் பாசனம் பெற்றதற்கு, கல்லணையைக் கட்டியவர்களின் திறமையோடு ஆறே கட்டிய இந்த முதுகுகளும் காரணம். ஊர்களும் பழைய சாலைகளும் கரையை ஒட்டியே நீண்டு கிடப்பது வெள்ளக் காலத்தில் கால் நனையாத மேடு அது ஒன்றே என்பதால்.

இதே அமைப்பைப் பெரிய அளவில் காண பீகாருக்குப் போகலாம். மொகாமா அருகே கங்கையின் தென்கரை உயர்ந்த மேடு. அதற்குப் பின்னால் தால் என்று அழைக்கப்படும் தாழ்நிலம் சுமார் 1 லட்சம் ஹெக்டேர் பரப்பில் கிடக்கிறது. மழைக்காலம் முழுவதும் அது நீருக்கடியில் இருக்கும். நீர் வடிந்ததும் அந்தக் கருங்களியில் மைசூர்ப் பருப்பும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். தங்கிய ஈரத்திலேயே விளைந்துவிடும். கரைமேட்டு இருவாட்டியிலோ வீடுகளும் மாந்தோப்புகளும் காய்கறியும். ஆற்றுக்கு நடுவே ஆண்டுக்காண்டு தோன்றி மறையும் தியாரா திட்டுகளில் வெள்ளரியும் தர்ப்பூசணியும்.

இருவாட்டி என்று எதைச் சொல்வது? அதே அமெரிக்கப் பகுப்பில் களி 7 முதல் 27 விழுக்காடு, நுண்வண்டல் 28 முதல் 50 விழுக்காடு, மணல் 52 விழுக்காட்டுக்கு மிகாமல் இருப்பது இருவாட்டி. களி வெறும் கால் பங்குக்குள் அடங்கினாலும் மண்ணின் குணத்தில் அதன் கை ஓங்கியிருக்கும். அளவில் சிறியதானாலும் அதன் மொத்த மேற்பரப்பு மிகப் பெரியது. சத்தையும் நீரையும் பிடித்துவைப்பது அந்தப் பரப்புதான். மணல் காற்றுக்கும் வடிகாலுக்கும் வழிவிடுகிறது. பயிர் உறிஞ்சக்கூடிய அளவில் நீரைத் தாங்கும் நடுத்தரத் துளைகளைத் தருவது நுண்வண்டல்.

ஒரு மீட்டர் ஆழ மணலில் பயிருக்குக் கிடைக்கும் நீரைத் திரட்டினால் பொதுவாக 6 முதல் 8 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். நுண்வண்டல் மிகுந்த இருவாட்டியில் 15 முதல் 20 சென்டிமீட்டர். களியில் மொத்த நீர் இதைவிட அதிகமாக இருந்தாலும் அதில் பெரும்பங்கை வேரால் இழுக்க முடியாதபடி களி இறுகப் பிடித்துக்கொள்கிறது. நீர் இறங்கும் வேகமும் அப்படியே: களியில் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர், இருவாட்டியில் 10 முதல் 20 மில்லிமீட்டர். நெல்லுக்கு நீர் தேங்க வேண்டும். ஆகவே களி உகந்தது. வாழைக்கும் வெற்றிலைக்கும் ஈரம் வற்றக் கூடாது, நீரும் நிற்கக் கூடாது. படுகையில் பயிர் பிரிந்தது இந்தக் கணக்கில்தான்.

கொடிக்காலைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். அகத்தியை வரிசையாக வளர்த்து, அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறார்கள். பாத்திகளுக்கு இடையே ஆழமான வாய்க்கால். காலையும் மாலையும் நீர் காட்டுவார்கள், அதே வாய்க்கால் மிகுநீரை வடித்துவிடவும் வேண்டும். கொடி கைக்கு எட்டாமல் உயர்ந்துவிட்டால் அதை இறக்கிச் சுருட்டிப் பாத்தியில் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி ஏற்றுவார்கள். புதைந்த தண்டின் ஒவ்வொரு கணுவிலும் புதுவேர் பிடிக்க வேண்டும். மண் கெட்டிப்பட்டால் வேர் நுழையாது. நீர் நின்றால் ஒரே வாரத்தில் வாடல் நோய் தோட்டத்தையே கொண்டுபோய்விடும். கும்பகோணம், திருவையாறு வட்டாரத்துக் கொழுந்து வெற்றிலைக்கு இருக்கும் பெயரில் பாதிப் பங்கு அரசலாறும் குடமுருட்டியும் போட்டுவைத்த மண்ணுக்கு உரியது. வாழையின் கதையும் ஏறக்குறைய இதுவே. அதன் வேர்களில் பெரும்பாலானவை மேல் இரண்டடிக்குள் பரவுகின்றன. அந்த இரண்டடியும் பொலபொலவென்றிருக்க வேண்டும். தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை 1993-இல் நிறுவியபோது காவிரிக்கரைத் திருச்சியைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

மேற்பரப்பை மட்டும் பார்த்துப் படுகை மண்ணை எடை போடுவது பெரும் பிழை. இந்த மண் அடுக்கடுக்காகப் படிந்தது. கிணறு வெட்டும்போதோ கரை சரியும்போதோ வெட்டுமுகத்தைப் பார்த்தால், ஒரு சாண் இருவாட்டி, கீழே நான்கு விரற்கடை வெண்மணல், அதன்கீழ் மெல்லிய களிப்படலம், மறுபடி நுண்வண்டல் என்று வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு வெள்ளம். பெருவெள்ளம் மணலை விட்டுப்போயிருக்கும், சிறுவெள்ளம் நுண்வண்டலை. மற்ற மண்ணில் கரிமப் பொருள் மேலிருந்து கீழே போகப் போகச் சீராகக் குறையும். இங்கே அது ஏறி இறங்கும். முன்பு மேல்மண்ணாக இருந்து புல் முளைத்த அடுக்கு அடுத்த வெள்ளத்தில் புதைந்து, இருந்த நிலையிலேயே கிடப்பதுதான் காரணம். உலக மண் வகைப்பாட்டில் ஃபுளூவிசால் என்ற பெயரோடு ஆற்றுமண்ணைத் தனி வகையாக வைக்கும்போது, இந்த அடுக்குகளைத்தான் முதன்மை அடையாளமாகக் கொள்கிறார்கள்.

அடுக்குகள் நீரோட்டத்தை விசித்திரமாக மாற்றுகின்றன. நுண்வண்டலுக்கு அடியில் பருமணல் இருந்தால் நீர் சட்டென்று கீழே ஓடிவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. மேலடுக்கின் நுண்துளைகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. மணலின் அகன்ற துளைகளுக்கு அந்த இழுவிசை இல்லை. மேலடுக்கு ஏறக்குறைய முழுவதும் நிறையும் வரை நீர் மணலுக்குள் இறங்குவதில்லை. 1950-களின் இறுதியில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கார்டனர் கண்ணாடிச் சட்டத்துக்குள் மண் அடுக்குகளை அமைத்து இதைப் படமெடுத்துக் காட்டினார். மண்ணியல் வகுப்புகளில் அந்தப் படம் பல பத்தாண்டுகள் திரையிடப்பட்டது. படுகை உழவருக்கு இதில் ஆதாயமும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டடிக்குக் கீழே மணல் வரி இருந்தால் கோடையில் மேல்மண் ஈரம் காக்கும். அதே வரி ஒரு சாணிலேயே இருந்தால் அடைமழையில் வேர்ப்பகுதி மூச்சுமுட்டும். அடுத்தடுத்த இரு தோட்டங்களில் ஒரே உரம், ஒரே நீர், ஒரே கன்று போட்டும் விளைச்சல் வேறுபட்டால் காரணத்தைப் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் தேட வேண்டும். மேல் 15 சென்டிமீட்டரில் மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது சத்துக் கணக்குக்கு உதவும். படுகையில் வாழை வைப்பவர் மண் துளைப்பானால் ஒரு மீட்டர் வரை எடுத்துப் பார்த்துவிட்டு இறங்குவதே நல்லது.

வண்டல் என்றாலே வளம் என்ற எண்ணம் பாதிதான் சரி. மலைப்பாறையிலிருந்து உடைந்து வந்து அதிக காலம் ஆகாததால் அபிரகமும் ஃபெல்ஸ்பாரும் இந்த மண்ணில் இன்னும் சிதைந்து முடியாமல் இருக்கின்றன. அவை சிதையச் சிதையப் பொட்டாசியம் வெளிவந்துகொண்டிருக்கும். கங்கைச் சமவெளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் தழைச்சத்து வேறு கதை. வெப்ப நாட்டில் கரிமப் பொருள் விரைவில் எரிந்துபோவதால் இந்தியாவின் ஆற்றுமண்ணில் பெரும்பகுதி நைட்ரஜன் குறைந்தது. துத்தநாகப் பற்றாக்குறையும் உண்டு. இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் நெற்பயிரின் இலைகள் துருப்பிடித்ததுபோல் பழுப்பேறிக் குட்டையாகி நின்றதை எல்லாரும் தொற்றுநோய் என்றே எண்ணியிருந்தார்கள். கைரா என்று பெயர்பெற்ற அந்த நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறைவு என்று 1966-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல்.நேனே கண்டறிந்தார். கொழுத்த மண் என்று பெயர்பெற்ற நிலத்தில் ஒரு நுண்சத்தின் குறை பயிரையே முடக்கியிருந்தது.

வயது கூடக் கூட மண்ணும் மாறுகிறது. வட இந்திய உழவர்கள் வெள்ளம் எட்டும் புதுவண்டலைக் காதர் என்றும், வெள்ளம் எட்டாத பழைய மேட்டு வண்டலைப் பாங்கர் என்றும் பிரிக்கிறார்கள். பாங்கரில் சுண்ணாம்பு கீழிறங்கிக் கங்கர் எனப்படும் முடிச்சுகளாகக் கட்டியிருக்கும். களியும் கீழடுக்கில் சேரத் தொடங்கியிருக்கும். காதரில் இப்படி எதுவும் நேர அவகாசமில்லை. அடுத்த வெள்ளம் வந்து மேலே புதிதாகப் போட்டுவிடுகிறது.

நுண்வண்டல் மிகுந்த மண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு. துகள்களைக் கட்டிப்போடக் களியும் கரிமமும் போதாததால், பலத்த மழை அடித்தால் மேற்பரப்புக் கரைந்து, வெயிலில் பொருக்குத் தட்டிவிடும். விதைத்த மறுநாள் அப்படி ஒரு மழை பெய்தால் முளை பொருக்கை உடைக்க முடியாமல் உள்ளேயே சுருளும். தொடர்ந்து ஒரே ஆழத்தில் டிராக்டர் ஓட்டினால் கலப்பை முனைக்குக் கீழே கெட்டித்தட்டும் விழும். மக்கிய எருவும் தழையும் இடுவது இங்கே சத்துக்காக மட்டுமல்ல, துகளைத் துகளோடு பிணைக்கவும்தான்.

எந்த வெள்ளமும் நல்ல மண்ணையே கொண்டுவரும் என்பதற்கும் உறுதியில்லை. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாகாவில் கோசியின் கரை உடைந்தது. சுமார் 250 ஆண்டுகளில் 120 கிலோமீட்டர் அளவுக்கு மேற்கே நகர்ந்திருந்த ஆறு, கைவிட்ட பழைய தடங்களில் மீண்டும் இறங்கியது. சுபவுல், மாதேபுரா மாவட்டங்களில் வடிந்தபோது விட்டுப்போனது வண்டல் அல்ல, மணல். வயல் வரப்பே தெரியாதபடி மூடிய மணல். இரு கரைக்குள் அடக்கப்பட்ட ஆறு பல ஆண்டுகள் தன் தரையிலேயே மணலைச் சேர்த்து உயர்ந்து, கடைசியில் ஓரிடத்தில் உடைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். ஆண்டுதோறும் மெல்லப் பரவும் வெள்ளம் செய்வது ஒன்று. அடக்கிவைத்து உடையும் வெள்ளம் செய்வது வேறு.

வங்காளத்தில் வேறொரு கேடு. கங்கை, பிரம்மபுத்திரா வெள்ளச் சமவெளியின் இளம் படிவுகளில் இரும்பு ஆக்சைடோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக்கும் இமயத்திலிருந்து வந்திருக்கிறது. புதைந்த தாவரப் பொருள் மக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்து, இரும்பு கரைய, ஆர்சனிக் நிலத்தடி நீரில் கலக்கிறது. தூய குடிநீர் என்று நம்பி இறக்கிய ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் அந்த நீரையே மேலே கொண்டுவந்தன. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பைப் பன்மடங்கு தாண்டிய கிணறுகள் ஏராளம். பழைய பழுப்பு மணற்படிவுகள் வரை ஆழமாக இறக்கிய கிணறுகளில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை. மண்ணின் இளமையே இங்கே நஞ்சுக்கு வழியாகிவிட்டது.

இன்றைக்குப் படுகை மண்ணை அதைப் படைத்த செயலிலிருந்தே பிரித்துவிட்டார்கள் என்பதுதான் பெருங்கவலை. நைல் நதி ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கும் மேற்பட்ட வண்டலை எத்தியோப்பிய மலைகளிலிருந்து எகிப்துக்குக் கொண்டுவந்தது. 1970-இல் அஸ்வான் உயரணை முடிந்தபின் ஏறக்குறைய அத்தனையும் நாசர் ஏரியில் தங்குகிறது. எகிப்து உழவர்கள் உர மூட்டையை நம்பத் தொடங்கினார்கள். டெல்டாவின் கடலோரம் அரிபடத் தொடங்கியது. அணையால் மின்சாரமும் இரண்டு மூன்று போகமும் வறட்சிக்குக் காப்பும் கிடைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆதாயக் கணக்கில் மண்ணின் இழப்பை யாரும் எழுதிக் கழிக்கவில்லை.

காவிரியில் இதே கதை முன்னதாகவே தொடங்கிவிட்டது. மேலே கிருஷ்ணராஜ சாகர், 1934-இல் மேட்டூர். குறுவையும் சம்பாவும் நாள் குறித்து நடக்க மேட்டூர் வழிசெய்தது. அதன் மறுபக்கமாக, ஆடிப் புதுவெள்ளத்தின் செந்நிற வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியில் போய் உட்கார்ந்தது. அணை கட்டி 83 ஆண்டுகள் கழித்து, 2017-இல்தான் முதன்முறையாக அங்கே தூர் வாரத் தொடங்கினார்கள். வறட்சியில் நீர் வற்றிக் கிடந்த தரையில் மண்ணை அள்ளி விவசாயிகள் இலவசமாக வயலுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆற்றின் தரையும் தாழ்ந்துகொண்டிருக்கிறது. மேலிருந்து மணல் வராத ஆற்றில் இருக்கும் மணலையும் அள்ளினால் வேறென்ன ஆகும்? தரை தாழ்ந்த ஆறு நடுத்தர வெள்ளத்தில் கரை புரளாது. படுகைக்குப் புதுமண் வராது. படுகைக் கிணறுகளின் நீர்மட்டமும் ஆற்றோடு சேர்ந்து இறங்கும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, மணல் அள்ளி ஆற்றின் தரை தாழ்ந்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. மதகு உடைந்தது எல்லார் கண்ணிலும் பட்டது. படுகைக்கு வண்டல் வராமல் போன ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

இதோடு செங்கல் சூளைகள். மணலும் களியும் அளவாகக் கலந்த மண் வெடிக்காமல் வேகும் என்பதால் சூளைக்காரர்கள் தேடுவதும் இதே இருவாட்டியைத்தான். கங்கைச் சமவெளியில் நிலத்தின் மேல் மூன்றடியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பள்ளமான வயலில் மீண்டும் உழும் குடும்பங்கள் பல. வெள்ளம் எட்டாத இடத்தில் அந்த மூன்றடி திரும்ப வருவதற்கு வழியே இல்லை.

வெள்ளம் இன்னும் எட்டும் இடங்களும் உண்டு. கடலுக்கு அருகே கொள்ளிடக்கரையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களில் 2022 ஆகஸ்டில் வீட்டுக்குள் நீர் புகுந்தது. தோட்டப் பயிர்கள் மூழ்கின. அந்த மக்களிடம் போய் வெள்ளம் மண்ணைப் புதுப்பிக்கிறது என்று பேசுவது கொடுமை. அவர்களுக்கு முதலில் வேண்டியது உயரமான வீட்டுமனையும் பயிர் இழப்பீடும். மண்ணின் பெயரால் வெள்ளத்தை வாழ்த்துபவர் அந்தச் செலவையும் ஏற்க வேண்டும்.

இடைவழியாக இன்று கையில் இருப்பது அணையிலும் ஏரியிலும் தங்கிய வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவது. நல்ல முயற்சிதான், ஆனால் மண் பார்த்துச் செய்ய வேண்டும். நீர்த்தேக்கத்தில் மணல் ஆறு நுழையும் தலைப்பகுதியிலேயே விழுந்துவிடுகிறது. அணைச்சுவருக்கு அருகே படிவது பெரும்பாலும் களி. எங்கே அள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து மண் மாறும். அணையோரக் களியை மணற்பாங்கான மேட்டு நிலத்தில் பரப்பினால் நீர்ப்பிடிப்புக் கூடும். ஏற்கெனவே களி மிகுந்த நெல்வயலில் கொட்டினால் பயன் குறைவு. கொடிக்கால் பாத்தியில் அதைத் தடிமனாகப் போட்டால் வடிகால் அடைபட்டு வேர் அழுகும். வண்டியில் ஏற்றும் முன் ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாக நசுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நாடாவே வராவிட்டால் மணல், 2.5 சென்டிமீட்டருக்குள் முறிந்தால் இருவாட்டி. 5 சென்டிமீட்டரைத் தாண்டியும் நீண்டால் களி.